தாச்சிக்கு மூடி இல்லை

உதயகலாவுக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி நொந்தது. விடிய வெளிக்கிட்டு மத்தியானம் வரை குனிந்த குனியில் வெங்காயம் பிடுங்கினால் யாருக்கும் நோகத்தான் செய்யும். அவளுக்கு வேலை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு கடகம் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்தாள். நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கோயில் வீதிக்குக் கிட்டடியில் ஒரு கடைக்காரன் அவளிடம் பனங்காய்ப் பணியாரம் எடுத்தான். திருவிழா முடிந்தால் அவன் திரும்பியும் பார்க்க மாட்டான். ஆகவே இடுப்பு சொல்வதைக் கேட்க நேரம் இல்லை.

தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விட்டுக் காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காயும்வரை நிற்க முடியவில்லை. விறாந்தைச் சீமெந்து குளிர்ச்சியாக இருக்கும், ஒருக்கால் முதுகை நீட்டிவிட்டு வருவோம் என்று போய்ப் படுத்தாள். முதுகை நீட்டத்தான் படுத்தது. கண்ணும் சேர்ந்து போய்விட்டது.

அந்தக் குசினி அவளுடையது. வீடு புருசன் நமசிவாயத்தின் பெயரில் இருந்தது. வளவு அவனுடைய தகப்பன் பெயரில் இருந்தது. குசினிக்கு மட்டும் கல்லும் மணலும் அவள் சுமந்தவை. அதற்கு முதல் அவள் பல வருசம் ஒரு தகரச் சரிவுக்குக் கீழே சமைத்தாள். மாரியில் ஒரு கையில் குடையும் மற்றக் கையில் அகப்பையுமாக நின்றிருக்கிறாள். மேசன் மூன்று சுவரை எழுப்பிவிட்டு வேறு வேலைக்கு ஓடிவிட்டான். நாலாவது சுவரை அவளே எழுப்பினாள். அது கொஞ்சம் வயிறு தள்ளித்தான் நின்றது. மேலே பனஞ்சிலாகை போட்டுத் தகரம். அடுப்புக்கு மேலே ஒரு பரண். அதில் மழைக்காலத்துக்கென்று பாளையும் பொச்சுமட்டையும் அடுக்கியிருந்தாள்.

அடுப்புக்கு மேல் விறகை அடுக்கக்கூடாது என்று நமசிவாயம் பலமுறை சொல்லியிருந்தான். அவன் அதைப் படித்தவன். நாட்டில் காஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று பேச்சு அடிபட்ட நாட்களில், கோப்பாய்ச் சனசமூக நிலையத்தில் ஓர் உத்தியோகத்தர் வந்து வீட்டுக் குசினியில் தீப் பிடிக்காமல் காப்பது எப்படி என்று விளக்கம் கொடுத்தார். நமசிவாயம் முன்வரிசையில் இருந்து கேட்டான். அடுத்த நாளே குசினியில் ஒரு வாளி மணல் வந்தது. அதைப் பூனை தன் அலுவலுக்கு எடுத்துக்கொண்டது. நனைத்த சாக்கு ஒன்று மூலையில் தொங்கியது. அது ஒரு கிழமையில் நாறியது. உதயகலா தோய்த்துக் காயவைத்து அதில் வெங்காயம் கட்டினாள். எண்ணெய்ச் சட்டி பற்றினால் மூடியால் மூடு என்று உத்தியோகத்தர் சொன்னபோது நமசிவாயம் எழும்பி, தாச்சிக்கு மூடி எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டான். நியாயமான கேள்வி. தாச்சி என்றால் அகல வாய், இரண்டு காது. அதற்கு மூடி செய்தவன் கிடையாது. உத்தியோகத்தர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சிலிண்டருக்கு மட்டும் நமசிவாயம் நிரந்தரமான வழி கண்டான். குசினிக்கு வெளியே, வேலியோரமாக, நாய்க்கூடு மாதிரி ஒரு கல்லுக்கூடு கட்டி, அதற்குள் சிலிண்டரை இருத்தி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். சுவரில் துளை போட்டுக் குழாயை உள்ளே விட்டான். கதவை வேலிப் பக்கம் பார்த்து வைத்தான். வெடித்தால் அந்தப் பக்கம் வெடிக்கட்டும் என்பது அவன் எண்ணம். அந்தப் பக்கம் இருந்தது கனகரட்ணத்தின் வீடு.

கனகரட்ணம் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். மனைவி பியாட்றிஸ் நத்தார்ப் பண்டிகைக்கும் கலியாணங்களுக்கும் கேக் அடித்துக் கொடுப்பவள். சிலிண்டர்க் கூட்டின் கதவு தன் பக்கம் திரும்பியதைக் கண்டதும் கனகரட்ணம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் பக்கத்தில் மணல் மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கினார். பேசாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் கோவம்.

மூன்று வருசத்துக்கு முன் வேலிக்குப் புதிதாகக் கதியால் கம்புகள் நட்டபோது ஒரு முழம் அங்கே போனதா இங்கே வந்ததா என்பதில் தொடங்கியது. கொஞ்ச நாள் ஏச்சுப் பேச்சாக இருந்து, பிறகு பேச்சே இல்லாமல் போனது. நமசிவாயம் கோயிலடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான், அந்தாள் வந்து முதல் வார்த்தை கதைக்கட்டும், அந்த ஒரு முழத்தையும் விட்டுவிடுகிறேன் என்று. கனகரட்ணம் தேவாலய வாசலில் நின்று அதையே சொன்னார். இரண்டு செய்தியும் இரண்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. ஒரு வார்த்தை பேசினால் ஒரு முழம் காணி. கோப்பாயில் அதைவிட மலிவாகக் காணி கிடைக்காது. மூன்று வருசமாக இரண்டு பேரும் வாங்கவில்லை.

வேலியை அடைத்தால் உரிமை கொண்டாடியது போலாகும், அடைக்காவிட்டால் விட்டுக்கொடுத்தது போலாகும் என்று இருவரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிடுகு உக்கிக் கறையான் தின்றது. இப்போது அங்கே வேலி என்று இருந்தவை சில கிளுவைக் கதியால்கள் மட்டுமே. இந்தப் பக்கம் பல் விளக்கினால் அந்தப் பக்கம் நுரை தெரியும். ஆனாலும் ஒருவரை ஒருவர் காணாமல் இருந்தார்கள்.

சொல்ல வேண்டியது இருந்தால் வேறு வழி வைத்திருந்தார்கள். கனகரட்ணத்திடம் றோசி என்று ஓர் ஆடு இருந்தது. அவர் ஆட்டிடம் சொல்வார். நமசிவாயத்திடம் ஆடு மாடு இல்லை. கிணற்றடியில் தண்ணி மிசின் இருந்தது. அவன் மிசினிடம் சொல்வான். றோசி சில நேரம் கத்தவாவது கத்தும். மிசின் பாதி நாள் பழுது.

அன்றைக்கும் அது பழுதுதான். நமசிவாயம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கிறீசாக, குசினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். வேலிக்கு அங்கால் றோசிக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த கனகரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"எடி றோசி," என்றார், "ஆரின்ரையோ குசினிக்குள்ளாலை புகை வருது."

நமசிவாயம் திரும்பவில்லை. மிசினின் மூடியைப் பார்த்து, "பணியாரம் சுட்டால் புகைதான் வரும். பன்னீரே வரும்?" என்றான்.

"பணியாரப் புகை வெள்ளை, றோசி. இது கறுப்பு."

"கறுப்போ வெள்ளையோ, எங்கடை புகை எங்கடை வளவுக்குள்ளை நிண்டால் சரி. இல்லையோ மிசின்?"

கனகரட்ணம் றோசியின் கயிற்றைப் பிடித்து அதன் தலையைக் குசினிப் பக்கம் திருப்பினார். அது தன் பாட்டில் குழையைத் தின்றது. "உனக்குத் தெரியுது, றோசி," என்றார். "யன்னலுக்குள்ளை நெருப்பு நிக்குது. உனக்குத் தெரியுது. பாக்கிறவைக்குத் தெரியேல்லை."

நெருப்பு என்ற சொல்லுக்கு நமசிவாயம் திரும்பினான். யன்னலுக்குள் தாச்சி ஓர் ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவன் மற்றவர்களைப் போல ஓடிப்போய் வாளியில் தண்ணீர் மொண்டான். சனசமூக நிலையத்து முன்வரிசை அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது. வாளியோடு குசினி வாசலுக்கு வந்துவிட்டான். கனகரட்ணம் மணல் மூட்டையில் ஏறி நின்று கத்தினார். அவர் ஆட்டிடம் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை.

"றோசி, எண்ணெய் நெருப்புக்குத் தண்ணி ஊத்தினால் கூரை போகும். ஊத்துறவன்ரை மூஞ்சையும் போகும்."

நமசிவாயம் வாளியைத் தூக்கியபடி நின்றான். ஊற்றினால் கூரை போகும் என்பது அவனுக்கும் இப்போது ஞாபகம் வந்தது. ஆனால் ஊற்றாவிட்டால் கனகரட்ணம் சொன்னதைக் கேட்டதாகும்.

கனகரட்ணத்துக்கு அது விளங்கியது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, அதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை ஆட்டுக்குச் சொன்னார்.

"போன நத்தாருக்கு என்ரை புருவம் போனது அலேர்ஜியிலை இல்லை, றோசி. பியாட்றிஸ் கொக்கிஸ் சுடேக்கை தாச்சி பத்தினது. நான்தான் விசரன் மாதிரித் தண்ணி ஊத்தினனான்."

போன நத்தாருக்கு அவர் மனைவியின் பென்சிலால் கீறிய புருவத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்தார். நமசிவாயம் அதைப் பார்த்து மூன்று கிழமை மிசினோடு சிரித்தவன். இப்போது வாளியை மெல்லக் கீழே வைத்தான்.

மணத்துக்கு உதயகலா முழித்தாள். முதலில் பணியாரம் கருகுகிறது என்று நினைத்தாள், பிறகு தான் இன்னும் பணியாரமே போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சுவாலை பரணின் அடிப்பலகையை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு பாளையின் நுனி சிவந்து வந்தது. அது பற்றினால் பொச்சுமட்டை பற்றும், பிறகு சிலாகை, பிறகு தகரம் மட்டும் மிஞ்சும். திரும்பவும் குடையும் அகப்பையும். அடுப்பின் திருகு சுவாலைக்குக் கீழே இருந்தது. கை வைக்க ஏலாது.

"இஞ்சாருங்கோ, காஸைப் பூட்டுங்கோ," என்றாள்.

நமசிவாயம் சிலிண்டர்க் கூட்டுக்கு ஓடினான். பூட்டின் திறப்பு அவனுடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. தீப் பிடிக்காமல் இருக்கத்தான் பூட்டியது, பிடித்தால் திறப்பதைப் பற்றி அவன் நினைக்கவில்லை. அதோடு கதவு வேலிப் பக்கம் பார்த்திருந்தது. முன்னால் நிற்பதென்றால் சண்டையில் கிடக்கிற அந்த ஒரு முழத்தில்தான் நிற்க வேண்டும். ஒரு காலைத் தன் பக்கம் ஊன்றி, ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்வெட்டியால் பூட்டை அடித்தான். மூன்றாவது அடியில் பூட்டு போனது. சிலிண்டரின் திருகைப் பூட்டினான்.

காஸ் நின்றது. எண்ணெய் தன் பாட்டில் எரிந்தது.

உதயகலா மூடத் தேடினாள். சோற்றுப் பானை மூடியைப் போட்டால் அது தாச்சிக்குள் மூழ்கிப்போகும். கையில் அகப்பட்டது சுளகு. அதைப் போட்டாள். சுளகு பனையோலையில் செய்தது என்பது அது பற்றியெரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது நெருப்பு இரண்டு.

வாசலுக்கு வந்து பார்த்தாள். வேலிக்கு அங்கால், கணவனுக்குப் பக்கத்தில், பியாட்றிஸ் நின்றாள். அவள் கையில் பெரிய கேக் தட்டம். கலியாணக் கேக்குக்கு அடித்தட்டாக வைக்கிற தடித்த அலுமினியம். தாச்சியை அளந்து செய்தது போல. புகையைக் கண்ட உடனேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் போல. வந்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கேட்கட்டும் என்று நின்றாள். கேளாமல் நீட்டினால் முதலில் பேசியதற்குச் சமன்.

நமசிவாயமும் தட்டத்தைக் கண்டான். கிணற்றடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "மிசின், இப்ப ஒரு பெரிய தட்டம் இருந்தால் நல்லம்."

கனகரட்ணம் ஆட்டைத் தடவினார். "தட்டம் இருக்கு, றோசி. கேக்கிற ஆளைத்தான் காணேல்லை."

"தாறவை தரட்டும், மிசின்."

"கேக்கிறவை கேக்கட்டும், றோசி."

உள்ளே பரணில் பாளை ஒன்று படாரென்று வெடித்தது. பியாட்றிஸ் தட்டத்தை ஒரு விரல் அளவு முன்னால் நகர்த்தி, கணவன் முகத்தைப் பார்த்து, திரும்பவும் நெஞ்சோடு அணைத்தாள். றோசி கடைசிக் குழையைத் தின்று முடித்துவிட்டு, தன்னைச் சுற்றி நிற்கிற நாலு பேரையும் பார்த்தது.

உதயகலா அந்த ஒரு முழத்துக்குள் இறங்கினாள்.

"பியாட்றிஸ் அக்கா, உதைத் தாங்கோ."

பியாட்றிஸ் கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் மூன்று வருசமாக எதையாவது கொடுக்கக் காத்திருந்தவள் போல இருந்தது. "மேலாலை போடாதை, பிள்ளை," என்றாள். "பக்கத்தாலை தள்ளு. முகத்தைத் திருப்பிக்கொள்."

உதயகலா தட்டத்தைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தாச்சியின் விளிம்பில் தட்டத்தின் ஓரத்தை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒரே தள்ளாகத் தள்ளினாள். உஸ் என்று ஒரு சத்தம். நெருப்பு நூர்ந்தது. எல்லா ஓரத்திலும் கரும்புகை கசிந்து, அதுவும் குறைந்தது. பரணில் சிவந்து நின்ற பாளைகளை நமசிவாயம் மண்வெட்டியால் இழுத்து வெளியே போட்டான். கீழே வைத்த வாளித் தண்ணீர் அதற்கு உதவியது. சுளகை மிதித்தே நூர்த்தார்கள்.

சிலாகை ஒன்று கருகியிருந்தது. நாலாவது சுவர் முழுக்கக் கரி. அது வயிறு தள்ளியபடியே நின்றது. உதயகலா நிலத்தில் குந்தி அதைப் பார்த்தாள். குசினி இருந்தது. அப்போதுதான் இடுப்பு நோ திரும்பி வந்தது.

வெளியே கனகரட்ணம் றோசிக்குக் கடைசியாக ஒன்று சொன்னார். எண்ணெய் ஆறும் வரைக்கும் தட்டத்தைத் தூக்கக்கூடாது, தூக்கினால் காற்றுப் பட்டுத் திரும்பப் பத்தும். நமசிவாயத்துக்கு அது கேட்டது. ஒரே நாளில் அந்த மனுசன் சொல்லி எத்தனையைத்தான் கேட்பது? நூர்ந்துதான் கிடக்கு எண்டு காட்டுறன் என்று மிசினிடம் சொல்லிக்கொண்டு உள்ளே போனவன், உடுத்திருந்த சாரத்தின் தொங்கலால் தட்டத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

உதயகலா அவன் கையிலிருந்து தட்டத்தைப் பறித்துத் திரும்ப மூடியபோது, நமசிவாயத்தின் இரண்டு புருவமும் போயிருந்தன. மீசையில் இடதுபக்கம் மிஞ்சியது.

அவன் வெளியே வந்து நின்றான். கனகரட்ணம் அவனைப் பார்த்தார். மூன்று வருசத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார்கள்.

"பென்சில் இருக்கு, றோசி," என்றார் கனகரட்ணம். "வேணுமெண்டால்."

அடுத்த நாள் விடிய கனகரட்ணம் அலவாங்கோடு வந்து கதியால்களைப் பிடுங்கினார். ஒரு முழம் தன் பக்கமாகத் தள்ளி நட்டார். அவர்கள் பக்கம் முதலில் கதைத்துவிட்டது, தான் தேவாலய வாசலில் சொன்ன சொல்லை மாற மாட்டேன் என்று எல்லாருக்கும் சொன்னார். நமசிவாயம் வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பின்னேரமே கதியால்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டான். காணியை எடுத்தால் தான் முதலில் கதைத்ததை ஒப்புக்கொண்டதாகும். கதைத்தது தன் மனுசி, அதுவும் பியாட்றிசோடு, ஆம்பிளையளின்ரை கோவத்துக்குள் பொம்பிளையள் அடக்கமில்லை என்பது அவன் வாதம். அடக்கம் என்றார் கனகரட்ணம். இல்லாவிட்டால் பியாட்றிஸ் மூன்று வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்னத்துக்கு என்று ஆட்டைக் கேட்டார்.

அதன் பிறகு இது நாளாந்த வேலையாகிவிட்டது. காலையில் அவர் கொடுப்பார். பின்னேரம் இவன் திருப்பிக் கொடுப்பான். முன்பு ஒரு முழத்தைப் பறிக்கச் சண்டை போட்டவர்கள் இப்போது அதை ஒருவர் தலையில் ஒருவர் கட்டச் சண்டை போட்டார்கள். கிளுவை எங்கே குத்தினாலும் துளிர்க்கிற மரம். அதற்கும் ஒரு அளவு உண்டு. கதியால்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. மிஞ்சிய துளிரை றோசி தின்றது.

உதயகலா கருகிய சிலாகையை மாற்றினாள். சுவரை வெள்ளையடித்தாள். பரணை இறக்கி விறகை வெளியே அடுக்கினாள். எண்ணெய் காயும்போது இப்போது அவள் படுப்பதில்லை. ஒரு முக்காலியைப் போட்டு, சுவரில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்லுக்கூட்டுக்குப் பூட்டு இல்லை.

தட்டம்தான் மிஞ்சியது. அது நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு பக்கம் முறுகி, எண்ணெய் கருகிப் பிடித்துக் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மணல் போட்டுத் தேய்த்தாள். கரி கொஞ்சம் போனது, பள்ளம் போகவில்லை. அதில் கேக் வைத்தால் கேக்கும் குழிக்குள் இறங்கும். பணியாரக் காசில் புதுசு வாங்குவோம் என்று நல்லூர்க் கடைகளில் கேட்டாள், யாழ்ப்பாணத்தில் கேட்டாள். அந்த அகலத்தில், அந்தத் தடிப்பில் இல்லை என்றார்கள். ஒரு கடைக்காரன் என்னத்துக்கு என்று கேட்டான். தாச்சிக்கு மூட என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். தாச்சிக்கு மூடி கிடையாது அக்கா என்று அவன் சிரித்தான்.

பியாட்றிஸ் கேட்கவில்லை. காலையில் முகம் கழுவும்போது வேலிக்கு அங்கால் நின்று, இடுப்பு எப்பிடி என்று கேட்கிறாள். உதயகலா பரவாயில்லை என்கிறாள். இரண்டு பேரும் ஆட்டையும் மிசினையும் இதற்குள் இழுப்பதில்லை. தட்டத்தைப் பற்றி ஒருத்தியும் பேச்செடுப்பதில்லை. கார்த்திகை பிறந்துவிட்டது. நத்தார்க் கேக்குக்கு ஆட்கள் பியாட்றிசிடம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பள்ளம் விழுந்த தட்டம் உதயகலாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. பியாட்றிசுக்கு அவள் ஒரு கேக் தட்டம் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.